நூல் போட்டால் முகம் ஏறுமா? பள்ளத்தூர் ஆச்சிக்கு ஒரு பதில்

ஆச்சி, நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா பாருங்கள். உங்களுக்கு 56 வயது. சர்க்கரைக்காகப் போட்டுக்கொள்ளும் வார ஊசியில் பத்து மாதத்தில் 13 கிலோ இறங்கியிருக்கிறது, இன்னமும் இறங்கிக்கொண்டிருக்கிறது. கன்னம் வற்றி, தாடை ஓரத்தில் இரண்டு பக்கமும் பை மாதிரித் தொங்குகிறது. கழுத்துத் தோலும் தளர்ந்துவிட்டது. மாசியில் வீட்டுக்காரருக்கு அறுபது சாந்தி. பங்காளி வீடு முழுக்க வரும், கழுத்திரு என்ற பெரிய தாலியைப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். சிங்கப்பூரில் இருக்கும் மகள் "நூல் சிகிச்சை பண்ணிக்கோங்க ஆத்தா" என்கிறார், அதாவது தோலுக்கு அடியில் நூல் செலுத்தி முகத்தைத் தூக்குவது. விசாரித்த இடத்தில் "கத்தி இல்லை, தழும்பு இல்லை, பன்னிரண்டு நூல், அரை மணி நேர வேலை, ஐந்து வருடம் தாங்கும்" என்றார்களாம். ஆவணி முடிவதற்குள் வந்தால் தள்ளுபடியும் உண்டாம். செய்துகொள்ளலாமா என்பது கேள்வி. கடைசி வரியில், காதுத் துளை நீண்டு தோடு குப்புறச் சாய்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அது நீங்கள் நினைப்பதைவிட முக்கியமான வரி. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நான் தேவகோட்டைக்காரன். மதுரையில் 26 வருடம் பிளாஸ்டிக் சர்ஜனாக இருந்துவிட்டு இப்போது ஊரோடு இருக்கிறேன். விற்பதற்கு என்னிடம் நூலும் இல்லை, மெஷினும் இல்லை. அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன்: ஐந்து வருடம் தாங்காது. உங்கள் முகத்துக்கு, அதுவும் மாசிக்குள், நூல் வேண்டாம்.

காரணம் சொல்ல உங்கள் வீட்டுச் சுவரிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் சுண்ணாம்புப் பூச்சைப் பார்த்திருப்பீர்கள். உத்தரம் ஒரு விரற்கடை இறங்கினால் அந்தப் பூச்சில்தான் விரிசல் தெரியும். பூச்சை மட்டும் கொத்திவிட்டுப் புதிதாகப் பூசினால் அடுத்த மழைக்கு அதே இடத்தில் மறுபடி விரியும். முகமும் அப்படித்தான். 'தோல் தொங்குகிறது' என்று சொல்கிறோமே தவிர, தொங்குவது தோல் மட்டும் இல்லை. தோலுக்கு அடியில் கொழுப்பு தனித்தனிப் பைகளாக இருக்கிறது. அதற்கும் அடியில் முகத்தசைகளோடு ஒட்டிய ஒரு நார்ப்படலம் இருக்கிறது. 1976இல் மிட்ஸ், பெய்ரோனி என்ற இரண்டு பேர் அதைத் தனியாகப் பிரித்து விவரித்தார்கள். நாங்கள் ஸ்மாஸ் என்போம். இவற்றையெல்லாம் எலும்போடு கட்டிவைக்கும் நார்க்கட்டுகளும் உண்டு. வயதாக ஆக எலும்பே கொஞ்சம் தேய்கிறது, கன்னத்துக் கொழுப்பு வற்றுகிறது, கட்டுகள் நெகிழ்கின்றன, படலம் சரிகிறது. தோல் எல்லாவற்றுக்கும் மேலே இருப்பதால் பழி அதன் மேல் விழுகிறது. (வெயிலுக்கும் பங்கு உண்டு. தைப்பூசத்துக்குப் பழநி நடந்துபோகிறவர்களின் கழுத்தையும், அதே ஆளின் புடவை மறைத்த தோளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும், பாடமே நடத்த வேண்டாம்.)

உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. வேகமாக எடை குறைந்ததால் உள்ளே இருந்த கொழுப்பு போய்விட்டது, உறை மட்டும் பழைய அளவிலேயே நிற்கிறது. தலையணையில் பஞ்சு குறைந்தால் உறை சுருங்கித் தொங்குமே, அது மாதிரி. மேல்நாட்டில் இதற்கு, இந்த வகை வார ஊசி ஒன்றின் பெயரால், 'ஒசெம்பிக் முகம்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். ஊசி தோலைக் கெடுப்பதில்லை. வேகமாக இளைத்தால் எந்த வழியில் இளைத்தாலும் இதுதான் நடக்கும்.

இப்போது ஒரு சின்னச் சோதனை. முற்றத்துப் பக்கம் வெளிச்சத்தில் கைக்கண்ணாடியோடு உட்காருங்கள். காதுக்கு முன்னால் இரண்டு விரலை வைத்து, தோலை மேலும் பின்னுமாக மெதுவாகத் தள்ளுங்கள். அரை சென்டிமீட்டர், மிஞ்சினால் ஒரு சென்டிமீட்டர் நகர்ந்ததுமே தாடை ஓரம் நேராகிவிட்டதா? அப்படியானால் தளர்ச்சி லேசானது. இரண்டு மூன்று சென்டிமீட்டர் இழுத்தால்தான் நேராகிறது, காதுக்கு முன்னால் தோல் மடிப்பாகச் சுருட்டிக்கொண்டு நிற்கிறது என்றால், அந்த மிச்சத் தோலை எந்த நூலும் எங்கேயும் கொண்டுபோய் வைக்க முடியாது. அடுத்து, மல்லாந்து படுத்துக்கொண்டு கண்ணாடியைப் பாருங்கள். நன்றாகத்தான் இருக்கும், எல்லோருக்குமே இருக்கும். இதனால்தான் நாங்கள் அறுவைக்கு முன்னால் நோயாளியை உட்காரவைத்து முகத்தில் பேனாவால் கோடு போடுவோம். படுக்கவைத்துக் கோடு போடுகிற ஆளைக் கண்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, நூல். இதில் முள் வைத்த நூலைப் பயன்படுத்துகிறார்கள். நெற்கதிரை விரலால் ஒரு பக்கமாகத் தடவினால் வழுக்கும், எதிர்ப்பக்கம் தடவினால் குத்தும், அந்த மாதிரி. 1990களின் பின்பாதியில் ரஷ்யப் பக்கத்திலிருந்து பரவிய முறை. நூல் போடும் இடத்தை ஊசியால் மரக்கவைத்து, நெற்றியோரம் பொட்டுப் பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டை போட்டு, நீளமான குழலூசி வழியாகக் கொழுப்பு அடுக்குக்குள் நூலைச் செலுத்தி, இழுத்து, மிச்சத்தை வெட்டிவிடுவார்கள். அரை மணி நேரம், முக்கால் மணி நேரம் என்பது உண்மைதான். எழுந்து கண்ணாடி பார்த்தால் முகம் ஏறியிருக்கும். அந்த ஏற்றத்தில் ஒரு பங்கு நூல், ஒரு பங்கு வீக்கம். வீக்கம் இரண்டு வாரத்தில் வடிந்துவிடும். நூலோ, பிடிஓ வகையாக இருந்தால் ஆறேழு மாதத்தில் உடம்பு அதைக் கரைத்துவிடும். பிஎல்எல்ஏ, பிசிஎல் என்று வேறு வகைகள் ஒரு வருடம், ஒன்றரை வருடம், சிலது அதற்கும் மேல் கிடக்கும். ஆனால் நூல் கிடப்பது வேறு, பிடிப்பது வேறு. மெதுமெதுவென்ற கொழுப்பைப் பிடித்த முள் நாளாக ஆக அறுத்துக்கொண்டு வந்துவிடும். நூலைச் சுற்றிக் கொஞ்சம் நார் உண்டாகித் தோல் இறுகும் என்பது சரி, ஆனால் தூக்கியது பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் இறங்கிவிடுகிறது. 'ஐந்து வருடம்' என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

வேறு இடத்தில் நூல் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தவர் ஒருவர். சும்மா இருக்கும்போது ஒன்றும் தெரியாது. சிரித்தால் இடது கன்னத்தில் சின்ன விரல் நுனி அளவுக்கு ஒரு குழி விழும். பொட்டுப் பக்கத்தில் முடிக்குள்ளே தடவினால் மீன் முள் மாதிரி ஒன்று கையில் இடறியது. மரக்க ஊசி போட்டு, இடுக்கியால் பிடித்து இழுத்தேன், நான்கு சென்டிமீட்டர் நூல் வந்தது. குழி சரியாக இரண்டு மாதம் ஆனது. இது பெரிய விபத்து இல்லை, நூலில் சாதாரணமாக நடக்கிறவற்றில் ஒன்று. ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் ஏறாமல் போவது, கிருமி தொற்றுவது, நூல் தோலுக்கு மேலே வரிவரியாகத் தெரிவது எல்லாம் உண்டு. அபூர்வமாக நரம்பிலோ எச்சில் குழாயிலோ படலாம்.

நூல் போட்டபின் இரண்டு மூன்று வாரம் வாயை அகலத் திறக்கக் கூடாது, கடினமானதைக் கடிக்கக் கூடாது, முகத்தை அழுத்தித் தேய்க்கக் கூடாது, ஒருக்களித்துப் படுக்கக் கூடாது. மார்கழியில் பிள்ளையார் நோன்பு வருகிறது, மாவில் வைத்து ஏற்றிய இழையைச் சுடரோடு வாயில் போட்டுக்கொள்வோம். அதற்கு முந்தின வாரம் நூல் போட்டுக்கொண்டவர் இழை எடுக்க எப்படி வாயைத் திறப்பார்? 21 நூல் திரித்த இழைக்காக முகத்துக்குள் இருக்கிற 12 நூல் அறுந்துபோகும். சிரிப்புக்காகச் சொன்னாலும் கட்டுப்பாடு நிஜம். சாந்திப் பலகாரத்தில் சீப்புச் சீடையும் மணகோலமும் இருக்கும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

நூலே கூடாது என்று சொல்லவில்லை. நாற்பதை ஒட்டிய வயது, தோல் தடிமனாக இருக்கிறது, தளர்ச்சி லேசு, ஒரு வருடத்துக்கு மேல் நிற்காது என்பது தெரிந்தே செய்துகொள்கிறார் என்றால் செய்துகொள்ளட்டும். வற்றிய முகத்தில், மெலிந்த தோலில், மிச்சத் தோல் நிறைய இருக்கும்போது அதைச் செய்வது காசைக் கரைப்பது.

மெஷின்களைப் பற்றி மகள் கேட்டாராம். ஹைஃபு என்பது ஒலி அலையைத் தோலுக்கு அடியில் ஒரு புள்ளியில் குவித்துச் சூடாக்குவது. 1.5, 3, 4.5 மில்லிமீட்டர் என்று ஆழம் வைத்துச் சுடுவார்கள். அந்தப் புள்ளிகளில் சூடு 60 டிகிரியைத் தாண்டும், திசு சுருங்கி, பிறகு தோலை இறுக்கிப் பிடிக்கும் கொலாஜன் என்ற நார்ப்புரதம் புதிதாக உண்டாகும். பலன் தெரிய மூன்று மாதம், முழுசாகத் தெரிய ஆறு மாதம். லேசான தளர்ச்சிக்கு லேசான பலன். ஆனால் கன்னத்தில் கொழுப்பே இல்லாதவருக்கு ஆழம் தப்பிச் சுட்டால் இருக்கிற கொழுப்பும் கரைந்து இன்னும் குழி விழும். உங்களுக்கு அதுதான் என் பயம். ஊசி வழியாக ரேடியோ அலைச் சூட்டை உள்ளே செலுத்தும் மெஷினும் இப்போது ஊருக்கு ஊர் வந்துவிட்டது. தீக்காயம், தழும்பு, கொழுப்புக் கரைதல், நரம்புச் சேதம் என்று புகார்கள் வந்ததால் 2025 அக்டோபரில் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அதற்கு எச்சரிக்கை விட்டது. அழகுநிலையத்தில் செய்துகொள்கிற வேலை இல்லை அது.

ஃபில்லர் என்பது ஊசியால் போடுகிற ஜெல். அது தூக்குவதற்கு இல்லை, நிரப்புவதற்கு. ஹையலுரானிக் அமில ஃபில்லரைக் கன்னத்து வற்றலில் அளவாக வைத்தால் உங்களைப் போன்ற முகத்துக்கு நூலைவிட நன்றாகவே இருக்கும். பிடிக்கவில்லை என்றால் ஹையலுரானிடேஸ் என்ற மருந்தால் கரைக்கவும் முடியும். ஆனால் இரத்தக் குழாய்க்குள் போய்விட்டால் தோல் அழுகும், மிக அபூர்வமாகக் கண் பார்வையே போகும். கரைக்கிற மருந்தைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கிற மருத்துவரிடம் மட்டும் போங்கள். போடாக்ஸ் சுருக்கத்துக்கு, தொங்கலுக்கு இல்லை.

மிச்சம் இருப்பது சின்ன அறுவை. மினி ஃபேஸ்லிஃப்ட் என்பார்கள். 'கத்தி இல்லை' என்பதையே பெருமையாக விற்கிற காலத்தில் நான் கத்திக்கு வக்கீலாகப் பேசுவது உங்களுக்கு விசித்திரமாக இருக்கலாம். பொட்டு முடியோரம் தொடங்கி, காதின் முன்மடிப்பை ஒட்டி இறங்கி, காது மடலைச் சுற்றி முடிகிற ஒரு கீறல். தோலைக் கொஞ்ச தூரத்துக்குப் பிரித்து, அடியில் இருக்கிற ஸ்மாஸ் படலத்தைத் தையலால் மேல்நோக்கி உறுதியான இடத்தில் கட்டிவிட்டு, மிச்சத் தோலை வெட்டி இழுவிசை இல்லாமல் தைப்பது. அதாவது உத்தரத்தைத் தூக்கிவிட்டுப் பிறகு பூசுவது. லேசான மயக்கத்தோடு இடத்தை மட்டும் மரக்கவைத்தே செய்யலாம், இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். பலன் பல வருடம் நிற்கும். என் கணக்கில் மூன்று தடவை நூல் போடுகிற செலவும் இதன் செலவும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இரண்டுக்குமே மருத்துவக் காப்பீடு வராது, அழகுக்காகச் செய்வதை எல்லா பாலிசியும் விலக்கித்தான் வைத்திருக்கிறது.

'இழுவிசை இல்லாமல்' என்றேனே, அதை நான் பாடமாகக் கற்றது என் தவறிலிருந்துதான். தொழிலுக்கு வந்த புதிதில் தோலை இழுத்துத் தைத்தால் நன்றாக நிற்கும் என்று நினைத்தேன். ஆறு மாதம் கழித்து ஒரு அம்மா வந்து உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் காதிலிருந்த வைரத்தோட்டைத் தொட்டுக் காட்டினார். ஏழு கல் தோடு முன்னால் பார்க்காமல் தரையைப் பார்த்தது. இழுவிசையில் காது மடல் கீழே இழுபட்டுத் தாடையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. திருத்திக் கொடுத்தேன். ஆனால் அவர் அந்தத் தோட்டைத் தொட்ட விதம் இன்னும் மறக்கவில்லை. நம் பக்கத்தில் ஃபேஸ்லிஃப்ட் செய்கிற யாரும் முதலில் நோயாளியின் தோட்டைப் பார்க்க வேண்டும்.

இதிலும் ஆபத்து உண்டு. அதிகம் வருவது தோலுக்கு அடியில் இரத்தக்கட்டு, அதுவும் முதல் 24 மணி நேரத்தில். இரத்த அழுத்தம் கட்டுப்பாட்டில் இல்லாதவருக்கு நிச்சயம் கவலைப்பட வேண்டிய விஷயம். காதைச் சுற்றி மதமதப்பு சில மாதம் இருக்கும், காது மடலுக்கு உணர்ச்சி தரும் நரம்பு அடிபட்டால் அது தங்கிவிடவும் கூடும். முகத்தை அசைக்கும் நரம்பு நிரந்தரமாகப் பாதிக்கப்படுவது அபூர்வம், ஆனால் இல்லாததில்லை. தையல் பிரிக்க ஐந்திலிருந்து ஏழு நாள், கன்றிப்போன நீலம் மறைய இரண்டு வாரம், நாலு பேர் முன்னால் நிற்க நாலு வாரம், முகம் முழுசாக இயல்பாக மூன்று மாதத்துக்கு மேல். விசேஷத்துக்கு முன்னால் குறைந்தது இரண்டு மாத இடைவெளி இல்லாமல் செய்யவே கூடாது.

உங்களுக்கென்று சிலது. எடை இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது. இன்று அளந்து வெட்டி, பிறகு ஐந்து கிலோ குறைந்தால் மறுபடி தளரும். எடை ஆறு மாதமாவது ஒரே இடத்தில் நிற்கட்டும். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைப் பார்த்துவிட்டுத்தான் தேதி குறிக்க வேண்டும், கட்டுப்பாடில்லாத சர்க்கரையில் புண் ஆறாது. வார ஊசியைப் பற்றி மயக்க மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், அது இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். ஆஸ்பிரின் மாதிரி இரத்தம் உறையாத மாத்திரை இருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக்கொடுத்தவரைக் கேளுங்கள். வெற்றிலையோடு புகையிலை போடுகிற பழக்கம் இருந்தால் அதை யாரும் கேட்க மாட்டார்கள், நீங்களும் சொல்ல மாட்டீர்கள். ஆனால் நிகோடின் தோலுக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்துவிடும், கீறிய தோல் ஓரம் கறுத்துப் போகும். நாலு வாரம் முன்னாலேயே விட வேண்டும். காதோ மூக்கோ குத்திய இடத்தில் யாருக்காவது கட்டி மாதிரித் தழும்பு வளர்ந்திருக்கிறதா? உங்களுக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ இருந்தால், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நம் தோலுக்கு அந்தக் குணம் அதிகம்.

ஊர்த் தூரமும் கணக்கில் வர வேண்டும். காலையில் பல்லவன் ரயிலில் ஏறிச் சென்னை போய், அரை மணி நேரத்தில் முடித்து, மறுநாள் ஊர் திரும்புகிற திட்டம் நூலுக்கே சரியில்லை, கத்திக்குச் சுத்தமாக ஆகாது. எங்கே செய்தாலும் முதல் இரண்டு இரவு அந்த ஊரிலேயே தங்குங்கள். மதுரையும் திருச்சியும் நமக்குத் தொண்ணூறு கிலோமீட்டர் அளவுதான், இராத்திரி கன்னம் திடீரென்று வீங்கினால் போய்ச் சேரலாம். செய்கிறவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது டி.என்.பி. முடித்தவரா, மருத்துவக் கவுன்சிலில் பதிவு எண் என்ன என்று கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிறவரிடம் முகத்தைக் கொடுக்காதீர்கள். அவர் செய்த முகங்களின் படத்தைக் கேட்கும்போது, செய்த மறுநாள் படம் வேண்டாம், ஒரு வருடம் கழித்து எடுத்த படம் வேண்டும் என்று கேளுங்கள். தள்ளுபடி ஆவணியோடு முடிகிறது என்றால் முடியட்டும்.

மாசி வரைக்கும் என்ன செய்வது? சாந்தியை அறுவைக்குக் கெடுவாக வைக்காதீர்கள், அதுதான் என் முதல் யோசனை. காலையும் மதியமும் சன்ஸ்கிரீன், தோல் மருத்துவர் சொல்லும் ரெட்டினாய்டு களிம்பு இராத்திரியில் பட்டாணி அளவு. புரதம் குறையாமல் சாப்பாடு, ஊசி போடுகிறவர்கள் பசி இல்லையென்று இரண்டு இட்லியோடு எழுந்துவிடுகிறார்கள், முகம் வற்ற அதுவும் ஒரு காரணம். மனம் கேட்கவில்லை என்றால் சாந்திக்கு ஒரு மாதம் முன்னால் கன்னத்தில் கொஞ்சம் ஃபில்லர். எடை நின்றபிறகு, அடுத்த வருடம், மினி ஃபேஸ்லிஃப்ட் வேண்டுமா என்று நிதானமாக யோசிக்கலாம். வேண்டாம் என்று தோன்றினாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

இப்போது அந்தக் காதுக்கு வருகிறேன். நீங்கள் சொன்ன எல்லாத் தொங்கலிலும், உண்மையிலேயே சின்ன வேலையில் முழுசாகச் சரியாகிற தொங்கல் அது ஒன்றுதான். கனத்தில் நீண்ட துளையின் ஓரத்தைச் சீவிவிட்டு இரண்டு பக்கமும் சேர்த்துத் தைப்பது. நம் பாட்டிமார் காலத்தில் காது வளர்த்தவர்கள் பிறகு வெட்டித் தைத்துக்கொண்டார்களே, அதே வேலைதான். அதற்கும் வெகுகாலம் முன்னால் சுசுருதர் அறுந்த காது மடலை ஒட்ட பதினைந்து வகை எழுதி வைத்திருக்கிறார். மரக்க ஊசி போட்டு, காதுக்கு இருபது முப்பது நிமிடம், அன்றைக்கே வீடு. ஒரு வாரம் பத்து நாளில் தையல் பிரிப்பார்கள். புரட்டாசியில் செய்துகொண்டால் மார்கழி வரை காது சும்மா இருக்கட்டும். அப்புறம் பழைய தழும்பின் மேலே குத்தாமல் கொஞ்சம் தள்ளிப் புதுத் துளை போட்டு, முதலில் வேப்பங்குச்சி கனத்துக்குக் கம்மல், தை முழுக்க அதுவே. வைரத்தோட்டைச் சாந்தி அன்றைக்குப் போட்டுக்கொண்டு, கலச நீர் ஊற்றி முடிந்து புடவை மாற்றும்போது கழற்றிவிடுங்கள். கல் கனமாக இருந்தால் மடலுக்குப் பின்னால் அகலமான தகடு வைத்துத் திருகாணி போட்டுத் தரச் சொல்லி ஆசாரியிடம் கேளுங்கள், தோடு நிமிர்ந்து நிற்கும்.